ராஸ்காமனில் இறங்கிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அயர்லாந்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் டப்ளினைச் சுற்றிவிட்டு, மோஹர் பாறைகளைப் பார்க்க மேற்குக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். இடையில் இருக்கும் ராஸ்காமன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போல) இறங்குகிறவர்கள் குறைவு. மேய்ச்சல் நிலம், ஏரிகள், சின்னச் சின்ன ஊர்கள், அவ்வளவுதான். கடற்கரை கிடையாது. ஆனால் அந்த நாட்டின் ஏழை எளியவர்கள் பட்ட பாட்டை அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பார்க் மாளிகைக்குப் போங்கள். மஹோன் என்ற நிலக்கிழார் குடும்பம் பல தலைமுறை வாழ்ந்த வீடு. வரவேற்பறையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு சமையலறைக்கு வாருங்கள். மேலே சுவரை ஒட்டி ஒரு நடைமாடம். வீட்டு எஜமானி வாராவாரம் அங்கே நின்றபடி சமையல் பட்டியலைக் கீழே போடுவாராம். அடுப்படிக்குள் கால் வைக்க மாட்டார். வேலைக்காரர்கள் எஜமானர்களின் கண்ணில் படாமல் போய்வரத் தரைக்கடியில் சுரங்கவழியும் உண்டு.

அதே வளாகத்தில்தான் 1840களில் அயர்லாந்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைச் சொல்லும் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் இருக்கிறது. 1979இல் இந்தப் பண்ணையை வாங்கியவர் ஜிம் காலரி என்ற உள்ளூர் வியாபாரி. வீட்டுக்குள் கட்டுக்கட்டாகப் பழைய காகிதங்கள் கிடந்தன. அவற்றில் ஒன்று, க்ளூனஹீ என்ற இடத்துக் குத்தகைக்காரர்கள் 1846இல் எழுதிய விண்ணப்பம். உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழுகிவிட்டது, பிள்ளைகள் பசியில் அழுவதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, வேலை கொடுங்கள் என்று கேட்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் எரித்திருப்பார்கள். காலரி அத்தனை காகிதங்களையும் காப்பாற்றினார். 1994இல் அருங்காட்சியகம் திறந்தது.

1847இல் நடந்ததையும் அந்தக் காகிதங்கள் சொல்கின்றன. குத்தகைக்காரர்களை ஊரில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கனடாவுக்கு அனுப்புவது மலிவு என்று பண்ணை நிர்வாகி கணக்குப் போட்டார். 1,490 பேர் டப்ளின் வரை நடந்தார்கள். அங்கிருந்து லிவர்பூல், பிறகு கியூபெக். வர்ஜீனியஸ் என்ற கப்பலில் ஏறிய 476 பேரில் 158 பேர் கடலிலேயே இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நிலக்கிழார் டெனிஸ் மஹோன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தக் குத்தகைக்காரர்கள் டப்ளினுக்கு நடந்த தடம் இன்று 165 கிலோமீட்டர் நடைபாதை. பெரும்பகுதி ராயல் கால்வாய்க் கரையோரம். வழிநெடுகக் குழந்தைகளின் சின்னஞ்சிறு காலணிகளை வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். பாழடைந்த குடிசை ஒன்றின் கூரையில் செருகியிருந்த நிஜக் காலணிகள்தான் அவற்றுக்கு மாதிரி. முழுத் தூரமும் வேண்டாம், ஸ்ட்ரோக்ஸ்டவுனிலிருந்து சில மைலாவது நடந்து பாருங்கள்.

வடக்கே அரிக்னா. 1990இல் மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம். முன்பு அங்கே வேலை செய்தவர்களே உள்ளே அழைத்துப்போய் விளக்குகிறார்கள். நிலக்கரிப் படிவு மிக மெல்லியது. ஆட்கள் ஒருக்களித்துப் படுத்தபடி, ஈரத்தில், வெட்டியெடுத்தார்கள். எந்தப் புத்தகமும் இதை அவர்களைப் போலச் சொல்லாது. அந்தத் தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பழங்காலத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு டல்ஸ்க் ஊருக்குப் பக்கத்தில் ராத்க்ரோகன். மேற்கு அயர்லாந்தின் பழைய அரசான கொனாக்டின் அரசர்களுடைய இருப்பிடம், ஐரிஷ் பழங்கதைகளில் வரும் மேவ் அரசியின் ஊர். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் புல்மேடுகள்தான். வழிகாட்டி இல்லாமல் போனால் ஒன்றும் புரியாது. அங்குள்ள ஓவினகாட் குகைவாசலின் மேற்கல்லில், கோடுகளால் ஆன பழைய ஐரிஷ் எழுத்தான ஓகத்தில், மேவின் மகன் ஃப்ரேக் என்று வெட்டியிருக்கிறது. குனிந்து சேற்றில் இறங்க வேண்டும். பழைய உடுப்போடு போங்கள்.

பாயில் ஊரில் 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவியரின் மடம் ஒன்றும் இருக்கிறது. டப்ளின் கொனொலி நிலையத்திலிருந்து ஸ்லைகோ போகும் ரயில் அந்த ஊரில் நிற்கும். மற்ற இடங்களுக்கு வாடகைக் கார் இருந்தால் நல்லது. கிராமத்துப் பேருந்தை நம்பினால் ஒரு நாளில் ஓர் இடம்தான் பார்க்க முடியும்.

நன்றி, வணக்கம்.