கரன்ட் போனால் மீன் தொட்டியில் என்ன நடக்கிறது?

[காட்சி: இருட்டான கூடம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு மீன் தொட்டி.]

2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பியது நான்காம் நாள். அதுவரை தாக்குப்பிடித்த என் தங்கமீன்களில் இரண்டு, மின்சாரம் வந்த அன்றிரவு செத்துப்போயின. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

[காட்சி: நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடும் தங்கமீன்.]

முதல் சிக்கல் மூச்சு. ஏர் பம்ப்பின் குமிழிகள் செய்கிற பெரிய வேலை, மேல்மட்ட நீரைக் கலக்குவது. காற்று பெரும்பாலும் அங்கேதான் கரைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். வெயில் ஏற ஏற அதுவும் குறையும். பம்ப் நின்றால் ஒரு செம்பில் தொட்டி நீரையே மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுங்கள், டீ ஆற்றுவதுபோல. செடி நிறைந்த தொட்டி என்றால் இரவில் கூடுதல் கவனம் வேண்டும். இருட்டில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றைக் குடிப்பது அவற்றின் வழக்கம், பதற வேண்டாம். தங்கமீன் அப்படிச் செய்தால் பதறலாம்.

[காட்சி: பவர் பேங்க்கில் செருகிய சிறிய ஏர் பம்ப்.]

விடிய விடிய செம்போடு உட்கார முடியாது. யுஎஸ்பி ஏர் பம்ப் ஒன்றரை வாட் அளவே இழுக்கும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் அதை ஏறத்தாழ 20 மணி நேரம் ஓட்டும். ஆனால் சில பவர் பேங்க்குகள், இவ்வளவு குறைவாக இழுத்தால் போன் சார்ஜ் ஆகிவிட்டதாக நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். புயல் வருவதற்கு முன்பே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சாதாரண ஏர் பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லையென்றால் அது நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கித் தரையை நனைக்கும்.

தீனி? கரன்ட் வரும்வரை வேண்டாம். வளர்ந்த மீன்கள் சில நாள் பட்டினியைத் தாங்கும். ஃபில்டர் ஓடாத நீரில் தீனியும் கழிவும் அம்மோனியாவாகத் தேங்குவதைத் தாங்காது.

[காட்சி: திறந்த கேனிஸ்டர் ஃபில்டர், கறுத்த ஸ்பாஞ்ச்.]

இப்போது அந்த இரண்டு மீன்கள். அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரின் ஸ்பாஞ்சில்தான் வாழ்கிறது. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய ஃபில்டரில் நீர் பல மணி நேரம் ஓடாமல் நின்றால் அது செத்து அழுகும். கரன்ட் வந்த மகிழ்ச்சியில் நான் ஸ்விட்சைப் போட்டேன். நான்கு நாள் அழுகல் ஒரே மூச்சில் தொட்டிக்குள் போனது.

அதனால் நீண்ட மின்வெட்டு என்றால் ஃபில்டரைத் திறந்து வைத்துவிடுங்கள். ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டியிலேயே மிதக்க விடலாம். கரன்ட் வந்ததும் உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சை ஒரு வாளித் தொட்டி நீரில் அலசுங்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் போய்விடும். பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். அடுத்த ஒரு வாரத்துக்குப் பாதித் தீனி போதும்.