ஸ்ட்ரோப் வரிகள் நிற்கின்றன, பாட்டு மட்டும் இழுக்கிறது: அமெரிக்க டர்ன்டேபிளின் வேகக் கோளாறு

அடுத்த கேள்வியைத் திருச்சியிலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். அமெரிக்காவில் வேலை பார்த்த அவருடைய மாமா அங்கே வாங்கிய, இசைத்தட்டு ஓட்டும் தோரன்ஸ் டிடி 160 டர்ன்டேபிள் இப்போது இவரிடம் வந்திருக்கிறது. 110 வோல்ட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வழியாக ஓட்டுகிறார். பாட்டு இழுப்பதால் பெல்ட்டை மாற்றிப் பார்த்தார், மோட்டாருக்கு எண்ணெயும் விட்டார், மாற்றமில்லை. ஆனால் மாமா தந்த ஸ்ட்ரோப் அட்டையை (மினுக்கும் விளக்கின் கீழே, வேகம் சரியாக இருந்தால் வரிகள் நிற்பதுபோல் காட்டும் அட்டை) சுழலும் தட்டின்மேல் வைத்து, பழைய சோக் வைத்த டியூப் லைட்டின் கீழே பார்த்தால், வரிகள் அசையாமல் நிற்கின்றன. வேகம் சரி என்று அட்டை சொல்கிறது, காது தவறு என்கிறது. எதை நம்புவது, மோட்டாரை மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

காதை நம்புங்கள். மோட்டாரில் கோளாறு எதுவும் இல்லை. அது நம் ஊர் மின்சாரத்துக்குக் கட்டுப்பட்டுத் துல்லியமாகவே சுற்றுகிறது.

டிடி 160இல் இருப்பது 16 துருவங்கள் கொண்ட சிங்க்ரனஸ் மோட்டார். இந்த வகை மோட்டாரின் வேகத்தை வோல்ட் தீர்மானிப்பதில்லை; மாறுமின்சாரம் ஒரு நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதே தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 450 முறை சுற்றும் அதே மோட்டார், நம்முடைய 50 ஹெர்ட்ஸில் 375 முறைதான் சுற்றும். டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 110 ஆக இறக்குமே தவிர, 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ சுற்று வர வேண்டிய தட்டு 27.8 சுற்றில் நிற்கிறது. 20 நிமிடத்தில் முடிய வேண்டிய பக்கம் 24 நிமிடம் ஓடுகிறது. கச்சேரித் தட்டாக இருந்தால் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும்: சுருதி மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று அதிகமாகவே இறங்குவதால், 5 கட்டையில் பாடிய பாடகியின் குரல் 3 கட்டைக்கும் கீழே போய், வேறு யாரோ பாடுவதுபோல் ஒலிக்கும்.

அப்படியென்றால் அட்டை ஏன் சரி என்கிறது? ரசமான இடம் இதுதான். ஒரு காலத்தில் நானும் இதில் ஏமாந்து இரண்டு பெல்ட்டுகளை வீணாக வாங்கியிருக்கிறேன். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 120 முறை மினுக்குவதால், அந்த நாட்டு அட்டையில் 33⅓ வளையத்துக்கு 216 வரிகள் அச்சிட்டிருப்பார்கள். நம் ஊர் விளக்கு நொடிக்கு 100 முறைதான் மினுக்கும். இங்கே அந்த வளையத்தில் 180 வரிகள் இருக்க வேண்டும். 216 வரி அட்டையை இங்குள்ள விளக்கில் வைத்தால், எந்த வேகத்தில் வரிகள் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: சரியாக 27.8. தட்டும் விளக்கும் ஒரே விகிதத்தில் மெதுவாகிவிட்டதால், ஒன்றின் தவறை மற்றொன்று மறைத்துவிடுகிறது.

அட்டையே இல்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. தட்டின் விளிம்பில் சிறு காகிதத் துண்டை ஒட்டி, இசைத்தட்டு ஓடும்போதே மூன்று நிமிடம் சுற்றுகளை எண்ணுங்கள். 100 வந்தால் வேகம் சரி. உங்களுக்கு 83 வரும். 97, 95 என்று வந்து, ஒவ்வொரு முறை எண்ணும்போதும் மாறினால் அது வேறு நோய். அப்போது பெல்ட் வழுக்குகிறதா, தட்டின் அச்சு இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி செய்யும் முறைக்கு வருவோம். மோட்டார் அச்சில் பெல்ட் ஓடும் புல்லியை 50 ஹெர்ட்ஸ் புல்லியாக மாற்றுவதே நேரான வழி. அதன் விட்டம் 60 ஹெர்ட்ஸ் புல்லியைப்போல் 1.2 மடங்கு இருக்கும். பழைய உதிரிப் பாகங்கள் விற்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். லேத் பட்டறையில் கடைந்து வாங்குவதானால், துளை மிகச் சரியாக நடுவில் விழ வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்லுங்கள். முடி அளவு விலகினாலும் நீண்ட வீணை ஒலி அலைபாயும். இருக்கும் புல்லியின்மேல் டேப் சுற்றிப் பெரிதாக்கும் யோசனை பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்: டேப்பின் நுனி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டுத் தட்டும், வெயில் காலத்தில் பசை இளகிப் பெல்ட்டில் ஏறும்.

புல்லி கிடைக்காவிட்டால், 60 ஹெர்ட்ஸ் அலையைத் தானே உற்பத்தி செய்து 110 வோல்ட்டில் தரும் சிறிய மின்வழங்கியைப் பயன்படுத்தலாம், டிரான்ஸ்பார்மரும் தேவைப்படாது. மோட்டார் இழுப்பது சில வாட்கள்தான் என்பதால் பெரிய கருவி வேண்டியதில்லை, ஆனால் வெளிவரும் அலை சைன் அலையாக இருக்க வேண்டும். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரை மாட்டினால் மோட்டார் உறுமும், அந்த உறுமல் ஊசி வழியாக ஸ்பீக்கருக்கு வந்துவிடும்.

இதே கேள்வி மனதில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 மார்க் 2 போன்ற, பெல்ட் இல்லாத நேரடி இயக்க டர்ன்டேபிள்களுக்கும், மோட்டாருக்கான அலையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் தோரன்ஸ் டிடி 125க்கும் இந்தத் தொல்லை கிடையாது. வோல்ட்டை மட்டும் கவனித்தால் போதும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், இங்கிலாந்து எல்லாமே 50 ஹெர்ட்ஸ் என்பதால், அங்கிருந்து வந்தவையும் இங்கே சரியான வேகத்திலேயே சுற்றும்.

புல்லியை மாற்றும்போது மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, முதலில் ஊசிக்கு மூடியைப் போடுங்கள். பிறகு வெளித் தட்டைத் தூக்கிவிட்டால் பெல்ட்டும் புல்லியும் கண்முன் தெரியும். பெல்ட்டை மாட்டுமுன் உள்தட்டின் விளிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், ஏனென்றால் நீங்கள் விட்ட எண்ணெயில் ஒரு துளி அங்கே இருந்தாலும் புதுப் பெல்ட் வழுக்கும். முடித்ததும் மாமாவின் அட்டையை எடுத்து வைத்துவிட்டு, மறுபடி மூன்று நிமிடம் எண்ணுங்கள். நூறிலிருந்து அரைச் சுற்றுக்கு மேல் விலகாமல் இருந்தால் வேலை முடிந்தது.