பி.எஸ்.ஏ. நார்மல்னுல்லா போட்டிருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். மும்பை மாட்டுங்காவிலிருந்து வருகிறேன், பெத்தாலஜிஸ்ட். நோயாளியைப் பார்க்கிற டாக்டர் இல்லை. அவருடைய சதைத் துணுக்கைப் பார்க்கிற டாக்டர்.

வீட்டுப் பெரியவர் ராத்திரி நாலு தடவை எழுந்து போகிறார். பெரும்பாலும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பியின் சாதாரண வீக்கம்தான். சிலருக்குப் புற்று. அந்தப் புற்றிலும் ஆயிரத்தில் ஒன்று தேறினால் அதிகம், லிம்போமா. வெள்ளையணுவில் கிளம்புகிற நிணநீர்ப் புற்று.

தாராவியில் இட்லிக் கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், சிறுநீர் அடைத்து, குழாயும் பையுமாக வந்தார். ஒரு லேபில் 'முற்றிய புராஸ்டேட் புற்று' என்று எழுதிவிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிள்ளைகள் பணம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார், பி.எஸ்.ஏ. என்கிற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனையின் முடிவு. "பி.எஸ்.ஏ. நார்மல்னுல்லா போட்டிருக்கு? பெறவு எப்படி டாக்டர் கேன்சரு?"

நல்ல கேள்வி! பி.எஸ்.ஏ.வைச் சுரப்பது புராஸ்டேட் செல். வெள்ளையணுவுக்கு அந்த வேலையே இல்லை. பி.எஸ்.ஏ. ஏறாத முற்றிய புராஸ்டேட் புற்றும் உண்டு, அதனால் அதை மட்டும் நம்பவும் முடியாது. அவருடைய சதைத் துணுக்கைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியை அந்த லேபில் கேட்டு வாங்கினேன். சாதாரணச் சாயத்தில் வெறும் நீல உருண்டைகள். என்ன ஜாதி என்று முகத்தில் எழுதியிருக்காது. சி.டி. 20 என்பது பி செல் என்கிற வெள்ளையணு வகையின் மேலே இருக்கிற புரதம். அதைக் காட்டுகிற சாயம் போட்டதும் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பு வளையம், காப்பி டம்ளர் வைத்த தடம் மாதிரி. பி செல் லிம்போமா.

ஆபரேஷன் நின்றது. இது அறுத்து எடுத்துத் தீர்க்கிற நோய் இல்லை, மருந்தில் கரைகிற நோய். திரும்பவும் சொல்கிறேன்: கத்திக்கு முன்னால் செல்லின் பெயர் தெரியவேண்டும்.

மருந்துக் கூட்டுக்கு ஆர்-சாப் என்று பெயர். 21 நாளுக்கு ஒரு தடவை, பொதுவாக ஆறு சுற்று. அதில் ரிட்டுக்ஸிமாப், 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அந்த சி.டி. 20-ஐயே தேடிப் போய் ஒட்டும். இன்னொன்று வின்கிரிஸ்டின். எதிலிருந்து என்கிறீர்கள்? நம் நித்தியகல்யாணி! சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குவோமே, அதேதான். என் பால்கனித் தொட்டியிலும் பூத்திருக்கிறது. உடனே கஷாயம் வைத்துவிடாதீர்கள், அது விஷம்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். அவசரமாக இரண்டு: மருந்துக்கு முன் ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனையும் இதய எக்கோவும் கட்டாயம். இதே கூட்டில் இருக்கிற டாக்ஸோரூபிசின் என்கிற சிவப்பு மருந்தை ஏற்றியபின் சிறுநீர் ஓரிரு நாள் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பதறவேண்டாம். அண்ணாச்சி பதறிப்போய் எனக்குத்தான் போன் செய்தார். வணக்கம்.