ராணித்தேனீயின் சாப்பாடு

வணக்கம். முப்பது ஆண்டுகள் மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். "இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா?" என்று கேட்டவர்களைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. கேட்காதவர்களை நினைத்துத்தான் தூக்கம் கெட்டது. அவர்களில் ஒருவர் என் பெரியம்மா.

இங்கே சிங்கப்பூரில், தோ பாயோவில் இருக்கிறார். ஆஸ்துமாக்காரர். ஆஸ்திரேலியா போய் வந்த பேத்தி, ராயல் ஜெல்லி என்கிற தேனீக் கூழில் செய்த மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சில நாட்களில் உதட்டில் அரிப்பு, நெஞ்சில் இறுக்கம். மூச்சு மருந்து வழக்கத்தைவிட வேகமாகத் தீர்கிறது. நான் போய்ப் பார்த்தால், பாட்டில் அழகாக இருக்கிறதென்று அதில் கடுகு கொட்டி வைத்திருக்கிறார். மாத்திரைகள் பழைய மைலோ டின்னில்! ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்குக் கடும் பாதிப்பு வரலாம், அரிதாக உயிரே போகலாம் என்ற எச்சரிக்கையை அந்த நாட்டில் இதன் லேபிளில் அச்சிட்டே ஆக வேண்டும். அச்சிட்டுத்தான் இருந்தார்கள். அது கடுகைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

"ராணித்தேனீ இதைத்தானே தின்று வருஷக்கணக்கில் வாழ்கிறது?" என்று என்னை மடக்கினார் பெரியம்மா. உண்மைதான். கோடையில் வேலைக்காரத் தேனீக்கு ஆயுள் ஆறு வாரம் போல. ராணிக்குச் சில ஆண்டுகள். இளம் தேனீக்களின் தலையில் உள்ள சுரப்பிகளில் ஊறும் கூழ் இது. தேனீப் புழுக்கள் எல்லாவற்றுக்கும் முதல் மூன்று நாள் இது கிடைக்கும். ராணியாகப் போகிற புழுவுக்கு மட்டும் தொடர்ந்து கிடைக்கும். ஆனால் 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். புழுவுக்குள் ஒரே ஒரு மரபணுவை அடக்கினார்கள்; கூழ் செய்கிற வேலையை அதுவே செய்தது போல, பல புழுக்கள் ராணியாக வளர்ந்தன. ராணியாகும் வழி தேனீயின் உடலுக்குள்ளேயே இருக்கிறது, கூழ் அதைத் திறந்துவிடுகிறது. நம் உடலில் அப்படி ஒரு வழியே கிடையாது, பெரியம்மா!

சரி, ராயல் ஜெல்லி அழற்சியையும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் குறைக்கும் என்கிறார்களே? கொசு கடித்த இடம் சிவந்து வீங்குகிறதல்லவா, அதுதான் அழற்சி. அதுவே ஓசையில்லாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே நடந்தால் ரத்தக்குழாய்க்குக் கேடு. அப்போது கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும். ரத்தப் பரிசோதனையில் அது தெரியும். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பதோ, ஆக்சிஜன் சம்பந்தப்பட்ட மாற்றங்களால் உடலின் செல்கள் கெடுவது; நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ராயல் ஜெல்லியை நாளுக்கு ஒரு கிராம் போல எட்டு வாரம் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகள் உண்டு, ஈரானில் நீரிழிவுள்ள பெண்களிடம் நடந்தது போல. சிலவற்றில் இவற்றைக் காட்டும் பரிசோதனை எண்கள் சற்றுச் சீரானது நிஜம். ஆனால் குறைந்தது எண். மறுபடியும் சொல்கிறேன், எண். மாரடைப்பு குறைந்ததா, ஆயுள் கூடியதா என்பதை எட்டு வாரத்தில் யார் பார்க்க முடியும்?

இந்த இடத்தில் எனக்குப் பின்லாந்து ஞாபகம் வந்துவிடும். புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பீட்டா கரோட்டின் மாத்திரையும் அதில் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது!

நம் சிங்கப்பூரில் சத்து மாத்திரைகளை விற்க சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. தரத்துக்கும் பாதுகாப்புக்கும் விற்பவரே பொறுப்பு. கடையில் இருப்பதாலேயே அரசு சோதித்துப் பார்த்தது என்று நினைக்காதீர்கள்.

தேனீக்கள் சேர்க்கும் பிசினான புரோபோலிஸ் பற்றியும் பேச வைத்திருந்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி, நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார். ஒன்று மட்டும்: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டு வந்த ஒருவர் ராயல் ஜெல்லியும் சேர்த்து எடுத்து, ரத்தக் கசிவு வந்த சம்பவம் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அடுத்த முறை பாலிகிளினிக் போகும்போது வீட்டில் உள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பாட்டிலோடு! வணக்கம்.