ஸ்டென்ட் வைத்த பிறகும் ஏன் "ஹை ரிஸ்க்" என்கிறார்கள்?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. நெஞ்சு வலி வந்து 5 மணி நேரம் கழித்துத்தான் கொண்டுபோனோம். முன்பக்க அட்டாக், நாடி 110, நுரையீரலில் நீர் என்றார்கள். உடனே ஸ்டென்ட் வைத்து அடைப்பைத் திறந்துவிட்டார்கள். ஆனால் ரிஸ்க் ஸ்கோர் 9, ஐசியூவிலேயே இருக்கட்டும் என்கிறார் டாக்டர். அடைப்புதான் போய்விட்டதே?"

நியாயமான கேள்வி. ஸ்டென்ட் திறந்தது ரத்தக்குழாயை. அது அடைபட்டிருந்த நேரத்தில் எவ்வளவு தசை செத்தது, மிச்சம் எப்படித் தாங்குகிறது என்பது வேறு கணக்கு. உள்ளே வந்ததும் பார்த்த பிரஷர், நாடி, ஸ்டெதஸ்கோப்பில் கேட்ட சத்தம் இதற்கு நிறையவே பதில் சொல்லிவிடும். ஸ்டென்ட் இல்லாத காலத்திலேயே, 1967-இல், கில்லிப், கிம்பல் என்ற இரு டாக்டர்கள் 250 மாரடைப்பு நோயாளிகளைப் பார்த்து எழுதினார்கள்: இதயம் தளர்ந்த அறிகுறியே இல்லாதவர்களில் 6 சதவீதம் பேர் இறந்தார்கள், ஷாக்கில், அதாவது இதயம் தளர்ந்து பிரஷர் விழுந்த நிலையில், இருந்தவர்களில் 81 சதவீதம்.

உங்கள் அப்பாவின் 9, டிமி (TIMI) ஸ்கோர் போலிருக்கிறது; அட்டாக் வந்தவருக்கு ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிடும் கணக்கு அது. வயதுக்கு 2, சர்க்கரைக்கு 1, நாடி நூறைத் தாண்டியதற்கு 2, நுரையீரல் நீருக்கு 2, அட்டாக் இதயத்தின் முன்பக்கத்தில் வந்ததற்கு 1, நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதம், அதற்கு 1. மொத்தம் 14-க்கு 9. பயப்பட வேண்டிய எண்தான், மறைக்க மாட்டேன். ஆனால் இந்த ஸ்கோர் 2000-இல், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டவர்களை வைத்து உருவானது. இணையத்தில் அதற்குப் போட்டிருக்கும் இறப்பு சதவீதத்தை அப்படியே அப்பாவுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். யாரைக் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு அந்த ஸ்கோர் இன்றைக்கும் உதவுகிறது.

அப்புறம், கிட்னி. ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாய மருந்து, சர்க்கரையும் இதயத் தளர்ச்சியும் சேர்ந்தவர்களுக்குக் கிட்னியைப் பாதிக்கலாம். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் முதல் நாள் நன்றாக இருந்தாலும் இரண்டு, மூன்று நாளில் ஏறலாம். அதனால் தினமும் சிறுநீர் எவ்வளவு போகிறது, கிரியாட்டினின் எவ்வளவு என்று கேளுங்கள். எக்கோவில் (இதய ஸ்கேன்) பம்பிங் எத்தனை சதவீதம் என்றும் கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், மறுபடி எப்போது தொடங்கலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.