லேக் ஃபோர்க் ஏரியில் பாஸ் மீன்: தண்ணி சூட்டை வெச்சு இடம் கண்டுபிடிக்கிறது எப்படி

[காட்சி: விடியற்காலை. மூடுபனி. தண்ணீருக்குள் வரிசையாக நிற்கும் பட்டமரங்கள். கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டர் மெல்ல இறங்குகிறது.]

வணக்கம். இப்ப மணி ஏழு. பிப்ரவரி கடைசி வாரம். அமெரிக்காவுல, டெக்சாஸ் மாநிலத்து டாலஸ்ல இருந்து கிழக்க ஒண்ணரை மணி நேரம் வண்டி ஓட்டி லேக் ஃபோர்க் வந்திருக்கேன். தூண்டிலை இன்னும் வெளிய எடுக்கல. முதல்ல தெர்மாமீட்டர்தான். படகுத்துறைகிட்ட தண்ணி 53 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸ்ல சொன்னா கிட்டத்தட்ட 12.

இந்த ஒரு எண் தெரிஞ்சா, இன்னைக்கு மீன் எங்க நிக்கும்னு பாதி தெரிஞ்ச மாதிரி.

டாலஸ், ஆஸ்டின் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க என்கிட்ட அடிக்கடி கேக்கிறது இதுதான்: "போன மாசம் இதே இடத்துல அஞ்சு மீன் பிடிச்சோம். இப்ப ஒண்ணுகூடக் கடிக்கல. ஏரியில மீன் தீர்ந்துபோச்சா?" தீரல. இடம் மாறிடுச்சு. மீன் உடம்புக்குன்னு தனிச் சூடு கிடையாது, தண்ணி என்ன சூடோ அதுதான் அதோட சூடு. செரிமானம், பசி, ஓட்டம், முட்டை எல்லாமே அதுக்குள்ள அடக்கம். அதனால மாசத்தைப் பார்த்து இடம் தேடாதீங்க. தண்ணியைப் பாருங்க.

[காட்சி: ஏரியின் வரைபடம். விரல் போலக் கிளை பிரியும் ஓடைகள்.]

ஏரியைப் பத்தி ரெண்டு வார்த்தை. இது இயற்கையான ஏரி இல்ல. சபைன் ஆத்துல போய்ச் சேர்ற லேக் ஃபோர்க் ஓடைக்குக் குறுக்கே அணை கட்டி, 1980-ல முடிச்சாங்க. பரப்பு 27,000 ஏக்கருக்கு மேல. தண்ணி நிரப்பும்போது காட்டு மரங்கள்ல பெரும்பகுதியை வெட்டாம விட்டுட்டாங்க. இப்ப நீங்க பார்க்கிற பட்டமரமெல்லாம் அதுதான். ஃப்ளோரிடா வகை பாஸ் குஞ்சுகளையும் ஆரம்பத்துலயே கொண்டுவந்து விட்டாங்க. மறைய மரம், தின்ன ஷாட்னு சொல்ற வெள்ளிநிறப் பொடிமீன், பெருசா வளர்ற இனம், மூணும் ஒண்ணாச் சேர்ந்துச்சு. டெக்சாஸ் மாநிலச் சாதனை மீன் இந்த ஏரியிலதான் விழுந்துச்சு. 18.18 பவுண்டு, அதாவது எட்டேகால் கிலோ. அந்தக் கதைக்குக் குளிர்காலம் பேசும்போது வர்றேன்.

பாஸ்னு நான் இந்த வீடியோ முழுக்கச் சொல்றது லார்ஜ்மவுத் பாஸை. பெரிய வாய், பச்சை முதுகு, பக்கவாட்டுல கருப்புப் பட்டை. ஓடித் துரத்துற மீன் இல்ல, மறைஞ்சு நின்னு பாயுற மீன். விரால் பிடிச்சுப் பழகினவங்களுக்கு இதோட குணம் சட்டுனு புரியும்.

[காட்சி: கயாக் தண்ணீரில் இறங்குகிறது. லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இழுத்து மாட்டும் கை.]

இன்னைக்கு மாதிரி 50-லிருந்து 60 டிகிரிக்குள்ள தண்ணி இருந்தா, மீன் ஆழத்துல இருந்து கிளம்பிடும், ஆனா கரைக்கு வந்து சேர்ந்திருக்காது. முட்டையிடப் போற ஓடை வளைவுகளோட வாசல்ல காத்து நிக்கும். ஓடைக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற மேடு, பழைய ஓடைப் பள்ளத்தோட விளிம்பு, தண்ணிக்கடியில புல் முடியிற இடம், இதெல்லாம் பாருங்க. பெண் மீன் வயிறு நிறைய முட்டையோட இருக்கும், நல்லாத் தின்னும். வருஷத்துலயே எடை கூடுதலா இருக்கிற சமயம் இது.

இதுல முக்கியமான ஒண்ணு: ஏரி முழுக்க ஒரே சூடு இருக்காது. குளிர்காலத்துல வாடைக்காத்து வடக்கிலிருந்து அடிக்கும். ஏரியோட வடகரையில இருக்கிற வளைவுகளுக்குக் கரையே மறைப்பு, அங்க காத்து தண்ணியைக் கலக்காது. தெற்கே சாஞ்சு வர்ற வெயிலும் அங்க நேரா விழும். அதனால வடக்கு வளைவுகள் முன்னாடியே சூடாயிடும், மத்த இடத்தை விட நாலஞ்சு டிகிரி கூடவே இருக்கும். மீனும் அங்கதான் முதல்ல ஏறும். நான் இப்ப துடுப்பு போட்டுப் போறதும் அங்கதான்.

லூர், அதாவது செயற்கை இரை? இந்த நேரத்துல கிழக்கு டெக்சாஸ்ல நிறையப் பேர் கையில இருக்கிறது சிவப்பு நிற லிப்லெஸ் கிராங்க்பெய்ட், மீன் வடிவ லூர். உள்ள குண்டு வெச்சது, இழுத்தா கிலுகிலுன்னு சத்தம் போடும். இந்தப் பருவத்துல பாஸ் விரும்பித் தின்கிற நன்னீர்க் கல்இறால் இந்தச் சிவப்புதான். லூரை ஹைட்ரில்லாப் பாசிக்கு மேல உரசுற மாதிரி இழுங்க. ஹைட்ரில்லா நம்ம ஊர்க் குளத்துல வளர்ற அதே செடிதான், இங்க வந்தேறி. லூர் பாசியில மாட்டினா பதறாதீங்க. ராடை, அதாவது தூண்டில் கம்பை, ஒரு வெட்டு வெட்டி உருவி விடுங்க. அப்படி விடுபடுற நொடியிலதான் பெரும்பாலும் கடி விழும்.

குளிர்காத்து வீசி முடிஞ்ச மறுநாள் வானம் பளிச்சுனு இருக்கும், வெளிய வரத் தூண்டும். மீனோ மரத்தோட ஒட்டிக்கிட்டு வாயே திறக்காது. அன்னைக்கு வேகமா இழுத்துப் பயனில்ல. ஒரே மரத்தடியில ஜிக்கை, அதாவது ஈயத் தலை வெச்ச முள்ளைப் போட்டு, பொறுமையா, அப்பப்ப ஒரு சின்ன அசைவு. போதும்.

[காட்சி: தெளிந்த ஆழமற்ற தண்ணீர். மணலில் தட்டு போல வெளிறிய வட்டம். அதன் மேல் அசையாமல் ஒரு மீன்.]

தண்ணி 60-ஐத் தாண்டி நிலையா நின்னா முட்டையிடும் காலம். இங்க பெரும்பாலும் மார்ச், ஏப்ரல். ஆண் மீன் ரெண்டு அடியிலிருந்து ஆறேழு அடி ஆழத்துக்குள்ள வாலால தரையை விசிறிச் சுத்தம் பண்ணி ஒரு வட்டம் போடும். பெண் வந்து முட்டையிட்டுட்டுப் போயிடும். அப்புறம் காவல் முழுக்க ஆணோடதுதான். முட்டை பொரிக்க சில நாள். பொரிச்ச பிறகும் குஞ்சு கூட்டமாத் திரியும்போது கூடவே சுத்தும்.

இந்தக் காவல் மீனைப் பிடிக்கிறது சுலபம். பசியில கடிக்காது. முட்டைகிட்ட வந்ததை வாயில தூக்கி வெளிய போடத்தான் கடிக்கும். டெக்சாஸ்ல இதுக்குத் தடை இல்ல. ஆனா நான் செய்யறதில்ல, நீங்களும் செய்ய வேண்டாம்னு கேட்டுக்கிறேன். ஆண் மீனை ரெண்டு நிமிஷம் வெளிய எடுத்தாப் போதும், சுத்தி நிக்கிற புளூகில் பொடிமீன் கூட்டம் முட்டை மேல பாஞ்சிடும்.

சின்ன வயசுல ஊர்க் குளத்துல செவசெவன்னு விரால் குஞ்சு கூட்டம் மிதக்கிறதைப் பார்த்து, தவளையை மாட்டி வீசப் போனேன். கீழ தாய் மீன் நிக்குதுன்னு எனக்கும் தெரியும். சித்தப்பா கையைப் பிடிச்சு நிறுத்திட்டாரு. "குஞ்சோட நிக்கிறதைத் தொடாதடா. இந்தக் கூட்டம் போனா அடுத்த வருஷம் நீ எதைப் பிடிப்ப?"ன்னாரு. கடல் தாண்டி வந்து வேற மீனைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வருது.

அந்த வாரங்கள்ல மீனே பிடிக்கக் கூடாதான்னா, அப்படி இல்ல. எல்லா மீனும் ஒரே நாள்ல முட்டையிடாது. வர்ற கூட்டமும் போற கூட்டமும் வளைவு வாசல்ல இருந்துக்கிட்டே இருக்கும். அங்க டெக்சாஸ் ரிக் போடுங்க. பிளாஸ்டிக் புழு, முன்னாடி தோட்டா வடிவ ஈயம், முள்ளோட நுனி புழு உடம்புக்குள்ளயே மறைஞ்சிருக்கும். இந்த ஏரி மாதிரி பட்டமரம் நிறைஞ்ச தண்ணியில திறந்த முள் போட்டா மீனை விட மரம்தான் அதிகம் மாட்டும். பிளாஸ்டிக் புழுவுக்கு வழி போட்டவர் நிக் கிரீம், 1949-ல ஒஹாயோவில. பிற்பாடு அவர் கம்பெனி இங்க பக்கத்துல இருக்கிற டைலர் ஊருக்கே வந்துச்சு.

முட்டைக் காலம் முடியும்போது, ஏப்ரல் கடைசி, மே மாசத்துல, ஷாட் மீனும் முட்டையிடும். இதைப் பலபேர் தவறவிடறாங்க. பொழுது புலர்ற நேரத்துல அணைக் கல்லு ஓரத்துலயும் புல் ஓரத்துலயும் வெள்ளி தெறிச்ச மாதிரி தண்ணி சலசலக்கும். பாஸ் அதுக்குப் பின்னாலயே நிக்கும். சுழல்ற தகடு வெச்ச வெள்ளை ஸ்பின்னர்பெய்ட்டைக் கல்லுக்கு இணையா இழுங்க. வெயில் ஏறினதும் கடை மூடின மாதிரி நின்னுடும். எட்டு மணிக்கு வந்து இறங்கறவங்களுக்கு அது நடந்ததே தெரியாது.

[காட்சி: கொதிக்கும் வெயில். பிறகு சோனார் திரை. நடுவே மங்கலான ஒரு கோடு.]

இப்ப கோடை. பலபேர் கைவிடற பருவம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பருவம்.

ஜூலையில மேல்தண்ணி 88, 90 டிகிரி. "மீன் எல்லாம் ஆழத்துக்குப் போயிடும்"னு சொல்லிட்டு 40 அடியில போய்ப் போடுவாங்க. ஒண்ணும் கடிக்காது. காரணத்தைப் புரிஞ்சுக்க, கிணத்துல குதிச்ச ஞாபகத்தைக் கொண்டுவாங்க. மேல் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், கால் கீழ போகப் போகச் சட்டுனு ஜில்லுங்கும். ஏரியிலயும் அதே. சூடான தண்ணி லேசு, மேல மிதக்கும். குளிர்ந்தது கனம், கீழ தங்கும். கோடை முழுக்க ரெண்டும் கலக்காது. நடுவுல சூடு சட்டுனு இறங்குற அடுக்குக்குப் பேரு தெர்மோகிளைன். கீழ் அடுக்குக்குக் காத்துத் தொடர்பு கிடையாது. அடியில மக்குற இலையும் பாசியும் இருக்கிற ஆக்சிஜனையும் தின்னுடும். குளுகுளுன்னு இருந்தாலும் மூச்சுவிட முடியாத அறை அது. மீன் அங்க தங்காது.

அதனால தேட வேண்டியது அந்தக் கோட்டுக்குச் சற்று மேல. கிழக்கு டெக்சாஸ் ஏரிகள்ல சுமார் 20 அடியை ஒட்டி அந்தக் கோடு அமையறது சகஜம். ஒலி அனுப்பித் தண்ணிக்கடியைக் காட்டுற சோனார் கருவியில உணர்திறனைக் கூட்டிப் பார்த்தா மங்கலான பட்டையாத் தெரியும். இப்ப ஏரி வரைபடத்துல அந்த ஆழத்துல என்ன இருக்குன்னு பாருங்க: மேடு, நீண்ட முனை, அணைக்கு முன்னாடி இருந்த பழைய ரோடு. கோடும் மேடும் சந்திக்கிற இடத்துல மீன் கூட்டமா இருக்கும். 27,000 ஏக்கர்ல தேட வேண்டிய இடம் பத்துப் பதினஞ்சு இடமாச் சுருங்கிடுது பாருங்க! ஈயத்தைத் தரையில இழுத்து, புழு ரெண்டு மூணு அடி பின்னால மிதந்து வர்ற கரோலினா ரிக் இங்க நல்லா வேலை செய்யும். படகு இல்லாதவங்க விடியறதுக்கு முன்னாடி வாங்க, பாசி மேல ரப்பர் தவளையை விட்டு விட்டு இழுங்க. வெடிச்ச மாதிரி கடி விழும். விழுந்ததும் சுண்டிடாதீங்க. ஒரு கணம் நிறுத்தி, நரம்பு இறுகினதும் இழுங்க.

கோடையில பிடிச்ச மீனைச் சீக்கிரம் விடணும். சூட்டுத் தண்ணியில ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. கையை நனைச்சுக்கிட்டுப் பிடிங்க. பெரிய மீனைத் தாடையில மட்டும் தூக்கித் தொங்கவிடாதீங்க, வயித்துக்கு இன்னொரு கை கொடுங்க.

[காட்சி: ஓடையின் உள்முனை. தண்ணீருக்கு மேல் வட்டமிடும் பறவைகள்.]

இலையுதிர் காலத்தைச் சுருக்கமாச் சொல்லிடறேன். மேல்தண்ணி குளிர்ந்து கனமாகி இறங்கும், அடுக்கு உடையும், ஏரி முழுக்கக் கலங்கும். அந்தச் சில நாள் மீன்பிடி மந்தம். அப்புறம் ஷாட் கூட்டம் ஓடைகளோட உள்முனைக்குப் போகும், பாஸ் பின்னாலயே போகும். பறவை எங்க தண்ணியைக் கொத்துதோ அங்க போங்க.

குளிர்காலம். தண்ணி 50-க்குக் கீழ போனா மீன் கொஞ்சமாத்தான் தின்னும், தூரம் போய்த் துரத்தாது. காலைல அவசரப்பட்டு வர வேண்டாம், மதிய வெயிலுக்கு அப்புறம் வந்தாப் போதும். லூர் மீனோட மூக்குகிட்டயே இருக்கணும். 1992 ஜனவரியில பேரி செயின்ட் கிளேர்ங்கிறவர் இங்க பாஸுக்கே வரல. கிராப்பி மீனுக்காக 40 அடிக்கும் மேல ஆழத்துல உயிர்ப் பொடிமீனை இறக்கி வெச்சிருந்தாரு. அதைத்தான் அந்த 18.18 பவுண்டு மீன் எடுத்துச்சு. கோடையில செத்துக் கிடக்கிற அதே ஆழம், ஏரி கலங்கி ஆக்சிஜன் திரும்பினதும் குளிர்காலத்துல வீடாயிடுது.

[காட்சி: வடக்கு வளைவு. மாலை வெயில். கயாக்கின் ஓரத்தில் தெர்மாமீட்டர்.]

சட்டம் சொல்லிடறேன். டெக்சாஸ்ல 17 வயசு ஆயிட்டா மீன்பிடி உரிமம் வேணும். மாநிலப் பூங்காவுக்குள்ள கரையில நின்னு பிடிச்சா வேண்டாம். புதுசா ஆரம்பிக்கிற குடும்பங்களுக்கு டைலர், லேக் டவாகோனி மாநிலப் பூங்காக்கள் நல்ல இடம். ஃபோர்க்ல தனி விதி: 16-லிருந்து 24 அங்குலத்துக்கு இடைப்பட்ட பாஸை வெச்சுக்கக் கூடாது. நாளுக்கு அஞ்சு, அதுல 24-க்கு மேல ஒண்ணுதான். கிளம்பறதுக்கு முன்னாடி மாநில வனவிலங்குத் துறையோட இணையதளத்துல ஒருமுறை சரிபாருங்க. படகுத்துறையை விட்டுக் கிளம்பும்போது படகுல தேங்கின தண்ணியை முழுக்க வடிச்சிடுங்க, அதோட வந்தேறி மட்டி அடுத்த ஏரிக்குப் போயிடும்.

இப்ப மணி நாலரை. இந்த வளைவுல தண்ணி 58. காலையில துறையில 53 காட்டிச்சு, ஞாபகம் இருக்கா? புல் விளிம்புல சிவப்பு லூர் மாட்டிச்சு, உருவி விட்டேன், அப்பவே ராடு வளைஞ்சிடுச்சு.

[காட்சி: அளவுப் பலகையில் மீன். வாய் மூடி, வால் சேர்த்து.]

19 அங்குலம். வயிறு நிறைய முட்டை. ஃபோர்க் விதிப்படியும் திரும்பப் போகணும், சித்தப்பா விதிப்படியும் போகணும்.

[காட்சி: தண்ணீருக்குள் கை. மீன் ஒரு முறை வாலை அசைத்து, புல்லுக்குள் மறைகிறது.]