விஸ்காமா, பி.காமா, பி.ஏ. தமிழா?

நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், ஊடகத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் போன் ஓயாது. "சார், பையன் விஸ்காம்தான் சேருவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். சேர்க்கலாமா?"

சேர்க்கலாம். ஆனால் அது என்ன படிப்பு என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

விஸ்காம் என்பது விஷுவல் கம்யூனிகேஷன், தமிழில் காட்சித் தொடர்பியல். பட்டத்தின் பெயர் பி.எஸ்சி. என்பதால் சயின்ஸ் குரூப் வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகளில் எந்தக் குரூப் எடுத்தவரும் சேரலாம். முதலில் ஓவியம், புகைப்படம். பிறகு எழுத்து, ஒலிப்பதிவு, எடிட்டிங். கடைசியில் ஒரு குறும்படமும் இன்டர்ன்ஷிப்பும். பல இடங்களில் இது சுயநிதிப் பிரிவில்தான் நடக்கிறது, கட்டணம் அதிகம். கேமரா, லென்ஸ், லேப்டாப் செலவெல்லாம் அதற்கு மேல். அப்பாக்கள் இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். பையன்கள் வேண்டுமென்றே மறந்துவிடுகிறார்கள்.

இதழியல் படிப்பு நமக்கு நேற்று வந்ததல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947-லேயே தொடங்கிவிட்டது. வானொலிக்கு வந்தால், கல்வி வளாகத்திலிருந்து ஒலிபரப்பான இந்தியாவின் முதல் சமுதாய வானொலி நம் சென்னையில்தான்: 2004 பிப்ரவரி 1 அன்று, 90.4 மெகாஹெர்ட்ஸில், அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். மாணவர்கள் தயாரிக்கும் நிகழ்ச்சியைச் சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டம்மா சமைத்துக்கொண்டே கேட்கிறார் என்றால், அதைவிடப் பெரிய தேர்வு எது? இப்படிச் சமுதாய வானொலி நடத்தும் கல்லூரிகள் இன்று வேறு சிலவும் உண்டு. அப்படி ஒன்று பக்கத்தில் இருந்தால் அதை முதலில் போய்ப் பாருங்கள்.

இனி என் கருத்து. கேமரா இன்று எல்லார் பையிலும் இருக்கிறது. பஞ்சம் எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான். ஒரு வாக்கியம் சொல்கிறேன், கேளுங்கள்:

"கனமழையால் பாதிக்கப்பட்ட தாழ்வான பகுதிகளில் வசித்துவந்த 11,847 பேர் நிவாரண முகாம்களில் தங்கவைக்கப்பட்டுள்ளதாக மாவட்ட ஆட்சியர் தெரிவித்துள்ளார்."

தாளில் இதில் தப்பில்லை. காதுக்கு வந்தால் திணறல். யார் சொன்னார் என்பது கடைசியில்தான் தெரிகிறது. அதற்குள் எண்ணிக்கை மறந்துவிடுகிறது. வானொலிக்கு இப்படி எழுதலாம்: "மழைத் தண்ணீர் தாழ்வான இடங்களில் புகுந்துவிட்டது. கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் பேர் முகாம்களுக்கு வந்திருக்கிறார்கள் என்கிறார் மாவட்ட ஆட்சியர்." இரண்டு வாக்கியம், மூச்சு வாங்க இடம், மனதில் நிற்கிற ஓர் எண். இதைச் செய்ய மொழி கைவசம் இருக்க வேண்டும். மொழிப்பாடமாக வரும் பகுதி ஒன்று தமிழை "பாஸ் பண்ணினா போதும்" என்று தள்ளிவிட்டு வருகிற விஸ்காம் மாணவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். பி.ஏ. தமிழ், பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் கொஞ்சம் பழகிக்கொண்டால் செய்தி அறை, டப்பிங், சப்டைட்டில், விளம்பர வாசகம் என்று பல கதவுகள் திறக்கும். இதை அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

பி.காம்., பி.பி.ஏ. பிள்ளைகளும் ஊடகத்துக்கு வெளியாட்கள் அல்ல. விளம்பர நேரம் பத்து விநாடிக் கணக்கில் விற்பனையாகிறது. எந்த நேரத்துக்கு என்ன விலை, எந்தக் கடைக்கு எந்த நிகழ்ச்சி பொருந்தும் என்று பார்ப்பவர்கள் இல்லாவிட்டால், தனியார் எஃப்.எம்.மில் பாட்டு போட ஆள் இருக்காது. அந்த வேலைக்குக் கணக்கும் வேண்டும், கடைக்காரரிடம் பேசத் தெரிந்த வாயும் வேண்டும்.

எந்தப் படிப்பானாலும், விண்ணப்பம் போடுமுன் கல்லூரிக்கு நேரில் போங்கள். ஸ்டூடியோ எங்கே என்று கேளுங்கள். கதவு பூட்டியிருந்தால், வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்றும் கேளுங்கள். பிறகு மூன்றாமாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, "போன செமஸ்டர்ல என்ன பண்ணீங்க, காட்டுங்க" என்று சொல்லுங்கள். செய்திருந்தால் காட்டாமல் விடமாட்டார்கள். வணக்கம்.